பின்சீட்டில் நாற்பது நிமிடம்

பழைய கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் எல்லோரும் முதலில் கேஸ் நிரப்பத்தான் ஓடுகிறார்கள். அது தவறு, ஐயா. முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டியை. நடந்ததை எழுதித் தரச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள். நான் எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன், பொறுத்தருள வேண்டும்.

காருக்குப் பதினேழு வயது. ஓடும்போது ஓரளவு குளிரும், சிக்னலில் நின்றால் வெறும் காற்று. பின்சீட்டில் என் மாமனார் இருப்பார். நான்கு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலிக்கு வாரம் இரண்டு நாள் வைத்தியரிடம் நான்தான் அழைத்துப் போவேன். சிக்னலுக்கு ஒரு வசனம் வைத்திருப்பார்.

“மாப்ள, ஏசி போட்டிருக்கீங்களா, இல்ல எனக்கு ஒத்தடம் கொடுக்கறீங்களா?”

“பாக்கறேன் மாமா.”

“பாருங்க, பாருங்க. கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் பாத்துக்கிட்டே நின்னீங்க.”

நான் கோபக்காரன் அல்ல. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

பள்ளியில் அறிவியல் நோட்டுப் போட்ட கை எனக்கு. நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. வடிகட்டியைக் கழற்றினேன், எலி கூடு கட்டியிருந்தது. புதிது போட்டேன். காற்று வேகமாக வந்தது, குளிர் வரவில்லை. முன்பக்கக் கம்பிவலைக்குப் பின்னால் இருந்த பூச்சி, தூசி எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக் கழுவினேன். ஏசி காற்று வரும் துவாரத்தில் வைத்திருந்த வெப்பமானி இருபத்து நான்கிலிருந்து இருபத்தொன்றுக்கு இறங்கியது. ஆனால் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் மாமனார், மூச்சு முட்டுகிறது என்று கண்ணாடியை இறக்கிவிடுவார். கணக்கு கெட்டுவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

கடைசியில் மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “கேஸ் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. வண்டி நிக்கும்போது இந்த ஃபேன் சுத்தணும், சுத்தல. அதுக்குக் கரண்ட் விடுற ரிலே போயிடுச்சு. இத்துனூண்டு டப்பா, இதுக்கா இத்தனை நாள் அலைஞ்சீங்க?”

தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத அந்த ரிலேயை நானே மாற்றினேன். நின்ற வண்டியில் எட்டு டிகிரி. மாமனாரை உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். இரண்டு முறை தும்மினார்.

“எப்படி மாமா?”

“ம். ஏதோ ஊதுது.”

“அப்பா என் சமையலையே நல்லாருக்குன்னு சொன்னதில்ல, விட்டுத் தள்ளுங்க” என்றாள் மனைவி. அவளால் முடிகிறது. என் நோட்டில் முடிவு என்ற தலைப்புக்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? சனிக்கிழமை மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பகல் பன்னிரண்டரைக்குக் குடியிருப்பின் பின்புறம், நிழல் இல்லாத மூலையில் காரை நிறுத்தினேன். புதிய ரிலேயைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன்.

“மாமா, பழசுல நாப்பது நிமிஷம், புதுசுல நாப்பது நிமிஷம். அப்புறம் நீங்களே சொல்லுங்க.”

“உங்களுக்கு வேற வேலை இல்லையா மாப்ள?” என்று சிரித்துக்கொண்டேதான் ஏறினார். யாரும் வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

கண்ணாடியை இறக்கிவிடும் பழக்கம் அவருக்கு உண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். அதனால் பின்சீட்டுக் கண்ணாடிப் பட்டன் வேலை செய்யாதபடி முன்னாலேயே பூட்டியிருந்தேன். குழந்தைகள் உள்ளிருந்து திறந்துவிடாதபடி பின்கதவில் ஒரு பூட்டு வைத்திருப்பார்கள், அதையும் போட்டிருந்தேன். அந்த முழங்காலோடு முன்சீட்டுக்கு அவரால் தாண்டி வர முடியாது. நான் வெளியே வெயிலில்தான் நின்றேன், நோட்டோடு.

ஒன்பதாவது நிமிடம் கண்ணாடியைத் தட்டினார். எழுதிக்கொண்டேன். பதினைந்தில் இரண்டு கையாலும் தட்டினார். இருபதில் எஞ்சின் சூடு ஏறிவிட்டது. பழைய வண்டி, தாங்காது. பானட்டைத் தூக்கி, ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சினை மட்டும் அணைத்தேன். இருபத்தேழுக்குப் பிறகு தட்டவில்லை. கதவைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்தால் அது இரண்டாவது மாற்றம், ஐயா. நாற்பதாவது நிமிடம், சொன்னது சொன்னபடி திறந்தேன்.

புதிய ரிலே அதுவரை எங்கே இருந்தது என்று மூன்று தடவை கேட்டீர்கள். என் சட்டைப் பையில் இருந்தது. அவரைச் சீட்டில் நேராகச் சாய்த்துவிட்டு, முதலில் அதை மாட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான்கு சிக்னல். நான்கிலும் எட்டு டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் நோக்கம் அவரைக் கொல்வதல்ல. புதியது தேவலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திறந்திருப்பேன். அவர் வாய் என்னவோ கடைசிவரை அசைந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை.