கதிரையிலை நித்திரை

— ‘தோர்மே பேனே’ எண்டுதானே சொன்னனி? அவர் நல்லாப் படுத்து நித்திரை கொள்ளுறார் எண்டு? அந்தளவு இத்தாலியன் எனக்கும் விளங்கும், பீலிக்ஸ்.

— மெல்லக் கதையுங்கோ அண்ணி. வார்டுக்குள்ளை அண்ணைக்குக் கேக்கப்போகுது.

— கேக்கட்டும்! கொண்ணர் மாசக்கணக்காக் கதிரையிலை இருந்துதான் கண்ணை மூடுறார். சரிஞ்சு படுத்தால் தொண்டை விசிலடிக்குது. அதை ஏன் டொட்டோரெஸ்ஸாவுக்கு மறைச்சனி?

— ஒப்பிரேசனுக்கு மயக்கமருந்து குடுக்கிறது அவ. நீங்களில்லை.

— நீ சொன்னதை நம்பித்தானே குடுக்கப்போறா! கட்டி மூச்சுக்குழாய் வாசலிலை குந்திக்கொண்டிருக்கு, மயங்கினால் சதை தளர்ந்து மிச்ச வழியும் மூடும், பிறகு குழாய் விட ஏலாது. இதை எனக்குத் தமிழிலை சொன்னதே நீதானடா.

— ஓம். சொன்னனான்.

— படுக்க ஏலாத ஆளெண்டால் இருத்திவைச்சு, தொண்டையை விறைக்கப்பண்ணி, முழிச்சிருக்கவே மூக்காலை குழாயை விட்டிட்டுத்தான் மயக்குவினமாம். நீ என்னெண்டால் படுக்கிறார் எண்டிட்டாய். கொண்ணர் போனால் அவர் செய்யிற லிபெர்த்தாத் தெருச் சிஞ்ஞோரா வீட்டு வேலை உனக்கு வருமெண்டோ?

— வாயை அடக்குங்கோ அண்ணி! ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை மீன் கழுவுறன். எனக்கு அது காணும்.

— அப்ப ஏன்? சொல்லு!

— அண்ணைதான் சொல்லவேண்டாமெண்டவர். சத்தியம் வாங்கிப்போட்டார். முழிச்சிருக்கேக்கை முகத்திலை ஆரும் கை வைச்சால் தன்னாலை தாங்க ஏலாதாம். உங்களுக்கு அது விளங்காது.

— என்ன எனக்கு விளங்காது?

— ஊரிலை ஆமிக் காம்பிலை நடந்தது. பெற்றோலிலை நனைச்ச பையைத் தலையிலை கட்டி… பலெர்மோவுக்கு வந்தும் அந்தப் பை அவரை விடேல்லை. மயக்கிப்போட்டுச் செய்யட்டுமெண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதவர். நான் என்ன செய்ய?

— பையைப் பற்றி எனக்குச் சொல்ல வந்திட்டாய். அந்த மணத்தோடை வந்த சேட்டைத் தோய்ச்சது ஆர்?

— தெரியுமோ? தெரிஞ்சுகொண்டும் அவரை முழிப்பிலை வைச்சுக் குழாய் விடச் சொல்லுறியளோ? நீங்கள் கல்நெஞ்சுக்காரி.

— ஓம், கல்நெஞ்சுக்காரிதான். உள்ளுக்கை விட்டால் பக்கத்திலை நிண்டு கையைப் பிடிப்பன். விடாட்டி டொட்டோரெஸ்ஸாவின்ரை காலிலை விழுவன். எனக்கு மனுசன் உயிரோடை வேணும். நீ போய் உண்மையைச் சொல்லு. குசினிக்கும் கூட்டுறதுக்கும்தான் என்ரை இத்தாலியன் காணும். இதுக்குக் காணாது.

— ஏலாது. மாதாவின்ரை படத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணினனான். அங்கை பாருங்கோ, கட்டிலைத் தள்ளிக்கொண்டு வருகினம். தள்ளி நில்லுங்கோ.

— நில்லடா. என்னட்டையும் கொண்ணர் ஒரு சத்தியம் வாங்கினவர், உனக்கு ஒருக்காலும் சொல்லக்கூடாதெண்டு. நான் அதை இப்ப மீறுறன். அந்தப் பையைக் கட்டிப்போட்டு அவங்கள் கேட்டது உன்னைத்தான், பீலிக்ஸ். ‘தம்பி எங்கை?’ எண்டு. மனுசன் கடைசிவரைக்கும் வாய் திறக்கேல்லை. நீ போய்த் திற!