ஆமி இருக்கும் வீட்டின் பெறுமதி

பரமட்டா செல்லும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்த, யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த நடுவயதுத் தம்பதியர், கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“ஆமிக்காரன் முகாம் போட்டு இருக்கிற வீட்டையும் எங்கட சொத்தெண்டு காட்டப் போறியளோ?” என்றார் மனைவி.

“யாழ்ப்பாணத்து வீட்டு உறுதிப் பத்திரம் உம்மட பேரிலதானே இருக்கு.”

“அதால என்ன வருமானம் எண்டு கேட்டா? ஆமிக்காரன் வாடகை தாறானோ?”

கணவர் சிரிக்கவில்லை. “அதைச் சேர்க்காட்டி, எங்கட சொத்தைவிடக் கடன்தானப்பா கூட.”

ரயில் வேகம் குறைந்தது. மனைவி கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

“அப்ப நீங்களே உள்ள போய்க் கதையுங்கோ. என்ர அப்பா சீதனமாத் தந்த வீட்டுக்குப் பெறுமதி ஒண்டுமில்லை எண்டு வங்கிக்காரர் சொல்லேக்க, நான் அங்க இருக்கமாட்டன்.”