மூணாவது தடவையும் ஏழு

– கதவைச் சாத்து தோதெர் அண்ணே. காத்துல குழாய் ஆடுது. காரக் கரைசல் ஒரு சொட்டு கூடுதலா விழுந்தாலும் புளிப்புக் கணக்கு போச்சு.

– சாத்தியாச்சு வாத்தியாரம்மா. நீ ஒயின் செய்யற மாலை வகுப்புக்குப் போனாலும் போனே, இந்த வீட்டுல இருமறதுக்கும் உத்தரவு வாங்கணும்.

– பேசாதே... பார், திராட்சைச் சாறு ரோஸ் ஆயிடுச்சு. கலக்கியும் நிறம் போகலை, புளிப்பு முழுக்க காரத்துல அடங்கிடுச்சு. புளிப்பு லிட்டருக்கு ஏழு கிராம். மூணாவது தடவையும் ஏழு.

– ஏழு வந்தா பறிக்கலாம்னு நீதானே சொன்னே ஸ்மரந்தா? கிரிகோரே மாமாவைக் காலையில ட்ராக்டரோட வரச் சொல்லிடறேன்.

– சொல்லாதே. முந்தாநாள் பத்து இருந்துச்சு. ரெண்டு நாள்ல மூணு இறங்காது. நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்.

– என்னத்தைத் தப்பு? பத்து வந்தப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே. ஏழு வந்தாலும் அதே மூஞ்சியா?

– போன வருஷம் அவசரப்பட்டுப் பறிச்சோம். கிஷினாவ் பட்டணத்து வியாபாரி ஒயினை ஒரு வாய் குடிச்சிட்டு பீப்பாய் எல்லாத்தையும் திருப்பி அனுப்பினான். இந்த வருஷமும் அப்படின்னா நீ இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போகணும். உன்னை அனுப்பிட்டு நான் இங்க யாரோட சண்டை போடறது?

– சரி, சரி. சோளக்களி ஆறுது. அதையாவது சாப்பிட்டுட்டு வந்து பாரேன்.

– நீ சாப்பிடு.

– எனக்கு வேணாம். பல்லு கூசுது.

– அப்ப சும்மா உக்காரு. காரணம் தெரியாம மாமாகிட்ட உன்னைச் சொல்ல விடமாட்டேன். காரத்தை மறுபடி பார்க்கறேன். வகுப்புல அளந்து குடுத்த அமிலத்துல விட்டா சரியான அளவு காட்டணும்.

– காட்டுதா?

– காட்டுது. குழாயும் சுத்தமா இருக்கு. கை நடுக்கம்னா மூணு தடவையும் ஒரே எண் வராது. அண்ணே, பழம் எங்க பறிச்சே? வெயில் பக்கம் மட்டுமா?

– சத்தியமா இல்லை. நிழல் பக்கம், சரிவுக்குக் கீழே, எல்லா வரிசையிலயும்தான். நீ சொன்னபடி கூடை நிறைய.

– கூடை நிறையவா? எங்கிட்ட வந்தது ஒரு கிண்ணம்தானே?

– ஒரு கிண்ணம் போதாதா?

– மீதி எங்கே அண்ணே?

– இன்னைக்கும் பத்துன்னு வந்தா நீ மறுபடி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவியேன்னு... ஒவ்வொரு கொத்துலயும் ஒண்ணு கடிச்சுப் பார்த்தேன். புளிச்சதை எல்லாம் வழியிலேயே நானே தின்னுட்டேன்.