இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மருந்து

நான் நர்ஸாக இருந்த அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. தங்களோடு மேஜையில் உட்காரவைத்துத்தான் சாப்பாடு போடுவார்கள். அந்த அம்மா என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடுவதிலேயே ஒரு மரியாதை இருக்கும்.

அவர்களுடைய ஒரே மகள் பாப்பாவுக்குத் தசை இற்றுக்கொண்டே போகிற வியாதி. என் மகளுக்கும் அதேதான். அதனால்தான் டாக்டர் என்னை அங்கே சேர்த்துவிட்டார். "இவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், வீட்லயே பார்க்கிறாங்க" என்றார். வியாதி இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலத்தான் வந்தது. மருந்து மட்டும் பாப்பாவுக்கு விமானத்தில் வந்தது. அதற்கென்று தனி ஃப்ரிட்ஜ். கரண்ட் போனால் அதற்காகவே ஜெனரேட்டர் ஓடும். என் வீட்டில் நான் அட்டையை வைத்து மகளுக்கு விசிறிக்கொண்டிருப்பேன்.

கேட்காமல் எடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இதுல கொஞ்சம் குறைஞ்சாலும் என் பொண்ணு போயிடுவா சிஸ்டர். நீங்களும் ஒரு தாய்தானே?"

தாய்தான். அடுத்த வாரத்திலிருந்து பாப்பாவுக்கு வெறும் சலைன் ஏற்றினேன். மருந்து என் பையில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, பஸ்ஸில் வந்தது.

என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். தானே தலை சீவிக்கொண்டாள்.

"நமக்கு எப்படிம்மா இந்த மருந்து கிடைக்குது?"

"நல்லவங்க தர்றாங்கடி."

அங்கே பாப்பாவின் கையிலிருந்து ஸ்பூன் நழுவ ஆரம்பித்தது. உடம்புக்கு மருந்து பிடிக்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டினார். கூட்டியதையும் நான்தான் எடுத்துப்போனேன்.

மழைக்காலத்தில் என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அரசு ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவி எதுவும் காலியாக இல்லை. காத்திருங்கள் என்றார்கள். வராந்தாவிலேயே, என் மடியில், போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். பாப்பா வழக்கம்போலக் கையை நீட்டினாள். ஃப்ரிட்ஜ் நிறைய மருந்து இருந்தது. எடுத்துப்போய்ப் போடுவதற்கு என் வீட்டில் மகள் இல்லை.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது ஐயா. அப்போதாவது பாப்பாவுக்கே போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். எனக்கும் அது தெரியும். நான் மருந்தைக் கழுவுத்தொட்டியில் ஊற்றிவிட்டுச் சலைனைத்தான் ஏற்றினேன். அவள் மூச்சு அடங்கும்வரை வாரா வாரம் அப்படித்தான் செய்தேன்.

பாப்பா மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. பாசம்தான். என் மகளுடைய மருந்தை எடுத்து இன்னொருத்தர் பிள்ளைக்குப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.