நனையாத துப்பாக்கி

டெல்ஃபினா — ...முதல்ல சாப்பாடு. துப்பாக்கி எங்கேயும் ஓடிடாது.

ஆல்விசே — சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்மா. கீழே, சர்ச்சுக்கு எதிர்க் கடையில.

டெல்ஃபினா — அந்தக் கடை திங்கக்கிழமை திறக்கவே மாட்டாங்க.

ஆல்விசே — ...சரி. பசிக்கல. போதுமா?

டெல்ஃபினா — போதும். முதல் பொய் சின்னதாத்தான் இருக்கு, பரவாயில்ல. உக்காருங்க தம்பி. சோளமாவுக் களி, பொலெந்தா கிண்டிக்கிட்டிருக்கேன், கையை எடுத்தா அடிப்பிடிச்சிடும்.

ஆல்விசே — தம்பியா? எனக்கு அம்பத்தாறு.

டெல்ஃபினா — எனக்கு அறுபத்தெட்டு. எங்க இருந்து வர்றீங்கன்னு சொன்னீங்க?

ஆல்விசே — வெரோனா. இந்தப் பள்ளத்தாக்குக்கு இதுதான் முதல் தடவை. மூடுபனியில மூணு பேர்கிட்ட வழி கேட்டேன்.

டெல்ஃபினா — மூணு பேரும் என்ன சொன்னாங்க?

ஆல்விசே — மேல போங்க, பூங்குருவி பாடற வீடுன்னாங்க.

டெல்ஃபினா — ஜன்னல்ல கூண்டு இருக்கு பாருங்க. அவன்தான். காலையில இருந்து வாயை மூடல.

ஆல்விசே — விளம்பரத்தில பார்த்தேன். "கிழவர் பெலோத்தி கையால செஞ்ச இரட்டைக்குழல். அருமை தெரிஞ்சவங்க மட்டும் வரவும்"னு...

டெல்ஃபினா — வருஷா வருஷம் அக்டோபர்ல போடறேன், வேட்டைக்காரங்க பத்திரிகையில. பதினெட்டு வருஷமா. உங்க கண்ணுக்கு இப்பதான் பட்டுச்சாக்கும்.

ஆல்விசே — இப்பதான்.

டெல்ஃபினா — ம்ம். வீட்டில எத்தனை வச்சிருக்கீங்க?

ஆல்விசே — முப்பத்திநாலு. ஒண்ணுகூட எழுபது வருஷத்துக்கு இந்தப் பக்கம் செஞ்சது கிடையாது.

டெல்ஃபினா — எதையாவது சுடுவீங்களா?

ஆல்விசே — இப்பல்லாம் இல்ல. அந்தக் காலத்தில கொஞ்சம் போனேன்... இப்ப எண்ணெய் போட்டுத் தொடச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கறதோட சரி.

டெல்ஃபினா — பெண்டாட்டி?

ஆல்விசே — இருந்தா. முப்பதாவது துப்பாக்கி வந்தப்போ கிளம்பிட்டா.

டெல்ஃபினா — முப்பது வரைக்கும் பொறுத்திருக்காளே, புண்ணியவதி.

ஆல்விசே — அம்மா... துப்பாக்கி எங்க?

டெல்ஃபினா — உங்க முதுகுக்குப் பின்னால. அடுப்போரம், அந்தக் கம்பளிக்குள்ள.

ஆல்விசே — இவ்வளவு நேரமும் இங்கேயா இருந்துச்சு?

டெல்ஃபினா — நீங்க திரும்பியே பார்க்கலையே. வர்றவங்க எல்லாரும் உள்ள நுழைஞ்சதுமே கண்ணால மூலை மூலையாத் தேடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் சுவரைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க.

ஆல்விசே — மரியாதைக்குத்தான்...

டெல்ஃபினா — எடுங்க. பயப்படாதீங்க.

ஆல்விசே — எதுக்குப் பயப்படணும்... குழல் வெதுவெதுன்னு இருக்கே.

டெல்ஃபினா — அடுப்புச் சூடு. ஈரம் அதுக்கு ஆகாதாமே.

ஆல்விசே — ஆகாது. ஆகவே ஆகாது. இருங்க, திறந்து பார்த்துடறேன்... காலி. தோட்டா இல்ல. குழலை மட்டும் கழட்டிக்கலாமா?

டெல்ஃபினா — கேக்கறதுக்கு முன்னாடியே கழட்டிட்டீங்க.

ஆல்விசே — மன்னிக்கணும். கை சும்மா இருக்காது. இப்படி ஒத்தை விரல்ல தொங்கவிட்டு, விரல் முட்டியால தட்டிப் பார்ப்போம். ரெண்டு குழலையும் சேர்த்துப் பத்தவச்சது விட்டிருந்தா தகர டப்பா மாதிரிச் சத்தம் வரும். நல்லா இருந்தா... கேளுங்க. சத்தம் இன்னும் நிக்குது பாருங்க. இன்னும்... ஆங், இப்பதான் அடங்குது. எங்க ஊர்ச் சர்ச்சு மணிகூட இப்படிப் பேசாது.

டெல்ஃபினா — குருவி நிறுத்திடுச்சு.

ஆல்விசே — எது?

டெல்ஃபினா — ஜன்னல்ல. பாட்டை நிறுத்திடுச்சு.

ஆல்விசே — சத்தத்துக்குப் பயந்திருக்கும்.

டெல்ஃபினா — அது எதுக்கும் பயப்படாது. எப்படிப் பழக்குவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? மே மாசம் பிடிச்சு நிலவறையில அடைச்சிடணும். துளி வெளிச்சம் படக்கூடாது. அக்டோபர்ல வெளியே கொண்டுவந்தா, வசந்தம் வந்துடுச்சுன்னு நினைச்சுப் பாடும். அதைக் கேட்டு மத்த குருவிங்க கீழே இறங்கும். குடிலுக்குள்ள ஒளிஞ்சிருந்து சுட்டுக்கலாம். என் வீட்டுக்காரர் ஃபவுஸ்தீனோ அதில கெட்டிக்காரர்.

ஆல்விசே — ம்ம். இந்தச் செதுக்கலைப் பாருங்க, எலை நரம்பெல்லாம்...

டெல்ஃபினா — என்னையும் ஒரு வருஷம் அடைச்சார். மே மாசத்தில இருந்து அக்டோபர் வரைக்கும். அதே நிலவறையில.

ஆல்விசே — ...உளி ஒரு இடத்திலகூட வழுக்கல. ஒரு இடத்தில.

டெல்ஃபினா — தம்பி. நான் சொன்னது காதில விழுந்துச்சா?

ஆல்விசே — விழுந்துச்சும்மா. குருவி, இருட்டு, வசந்தம்...

டெல்ஃபினா — குருவியைப் பத்தி மட்டும் சொல்லல நான். சரி, விடுங்க. மாட்டுங்க திரும்ப. தோள்ல வச்சுப் பாருங்க.

ஆல்விசே — எந்தப் பக்கம் குறி வைக்கறது?

டெல்ஃபினா — ஜன்னலுக்கு வெளியே. பனியைச் சுட்டா யாரு கேக்கப் போறா?

ஆல்விசே — அடடா... கன்னத்தோட எப்படி ஒட்டுது பாருங்க. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி.

டெல்ஃபினா — விசையைத் தடுக்கிற அந்தப் பூட்டை எடுத்துட்டுக் குறி பாருங்க.

ஆல்விசே — இதோ... என்னம்மா? கிண்டறதை நிறுத்திட்டீங்க. அடிப்பிடிக்கும்னீங்களே.

டெல்ஃபினா — பிடிக்கட்டும். பூட்டைத் திரும்பப் போட்டுட்டு இன்னொரு தடவை எடுங்க.

ஆல்விசே — எடுத்தாச்சு. என்ன விஷயம்?

டெல்ஃபினா — மேல இருக்கிற அந்தப் பொத்தானைப் பின்னால இழுத்தீங்க.

ஆல்விசே — ஆமா.

டெல்ஃபினா — உங்க வீட்டில இருக்கிற முப்பத்திநாலும் எப்படி?

ஆல்விசே — முன்னால... முன்னால தள்ளணும்.

டெல்ஃபினா — உலகத்தில இருக்கிற எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தானாம். இது ஒண்ணுதான் தலைகீழ். அவசரத்தில எடுத்து வேற யாரும் சுட்டுடக்கூடாதுன்னு ஃபவுஸ்தீனோ சொல்லி மாத்தினது. வேற யாரும்னா, நான். பதினெட்டு வருஷத்தில நாப்பத்தோரு பேர் வந்தாங்க தம்பி. நாப்பத்தோரு கட்டைவிரலும் முன்னால தள்ளித்தான் முழிச்சுது. நீங்க பார்க்கக்கூட இல்ல. விரல் தானாப் பின்னால போச்சு.

ஆல்விசே — ஏதோ புத்தகத்தில படிச்சிருப்பேன்...

டெல்ஃபினா — ரெண்டாவது பொய் கொஞ்சம் பெருசு.

ஆல்விசே — அம்மா, நான் கிளம்பறேன்.

டெல்ஃபினா — கிளம்புங்க. அதைக் கீழே வச்சுட்டுக் கிளம்புங்க.

ஆல்விசே — இதோ, வச்சுடறேன்... இதோ...

டெல்ஃபினா — முடியலையா?

ஆல்விசே — ...முடியல.

டெல்ஃபினா — அப்போ உக்காருங்க. மடியிலேயே வச்சுக்கங்க, பரவாயில்ல. எனக்கு உண்மை வேணும், உங்களுக்கு அது வேணும். இதுக்கு முன்னாடி எங்க தொட்டீங்க அதை?

ஆல்விசே — ...மேல. குடில்கிட்ட.

டெல்ஃபினா — எப்போ?

ஆல்விசே — உங்களுக்கே தெரியும்.

டெல்ஃபினா — உங்க வாயால வரட்டும்.

ஆல்விசே — பத்தொன்பது வருஷம் முன்னாடி. அக்டோபர். பக்கத்துப் பள்ளத்தாக்கில இருந்து கூட்டாளிங்களோட வந்தேன். மூடுபனியில அவங்களை விட்டுட்டேன். ஒரு முனகல் கேட்டுச்சு. போய்ப் பார்த்தா... பாறைக்குக் கீழே விழுந்து கிடந்தார். காலு ரெண்டும் அசையல. பேச்சு இருந்துச்சு.

டெல்ஃபினா — என்ன கேட்டார்?

ஆல்விசே — தண்ணி. அப்புறம், கீழே போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வான்னார்.

டெல்ஃபினா — நீங்க?

ஆல்விசே — போகத்தான் திரும்பினேன். அப்போ இது... சேத்தில கிடந்துச்சு. பெலோத்தி துப்பாக்கியைப் படத்தில மட்டும்தான் பார்த்திருந்தேன் நான். சேத்தில கிடக்கலாமா இது? எடுத்துத் தொடச்சு வச்சுட்டு ஓடிடலாம், ஒரு நிமிஷம்தானேன்னு...

டெல்ஃபினா — எத்தனை நிமிஷம் ஆச்சு?

ஆல்விசே — தொடச்சேன். திறந்தேன், மூடினேன். அந்தப் பூட்டை எப்படித்தான் எடுக்கறதுன்னு தெரியாம அதோடவே மல்லுக்கட்டினேன். புரிஞ்சதும் திரும்பத் திரும்ப... நிமிர்ந்து பார்த்தா பனி விலகியிருந்துச்சு. ஒரு மணி நேரம். கூடவே இருக்கும்.

டெல்ஃபினா — அவர் பார்த்துக்கிட்டே இருந்தாரா?

ஆல்விசே — பார்த்துக்கிட்டே இருந்தார்.

டெல்ஃபினா — அதுக்கப்புறமாவது போயிருக்கலாமே.

ஆல்விசே — போய் என்னன்னு சொல்றது? இவ்வளவு நேரம் என்ன பண்ணினேன்னு அவர் சொல்லிட மாட்டாரா? வேற யாராவது வந்துடுவாங்கன்னு நினைச்சேன். நினைக்கல... நினைச்ச மாதிரி வச்சுக்கிட்டேன். மழை வேற பிடிச்சுடுச்சு. நான் இறங்கிட்டேன்.

டெல்ஃபினா — துப்பாக்கி?

ஆல்விசே — எடுத்துட்டுப் போக முடியாது. யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். கைக்குட்டையால சுத்தமாத் தொடச்சு, குடிலோட கூரை இறக்கத்துக்கு அடியில சாத்தி வச்சேன்.

டெல்ஃபினா — மனுஷனை மழையில விட்டுட்டு.

ஆல்விசே — ...ஆமா.

டெல்ஃபினா — ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஊர்க்காரங்க தூக்கிட்டு வந்தாங்க. அவர்மேல இருந்த உடுப்பெல்லாம் ஊறிப்போயிருந்துச்சு. துப்பாக்கி மட்டும் பொட்டு ஈரம் இல்ல. விழறதுக்கு முன்னாடி அவரே வச்சிருப்பார்னு போலீஸ்காரங்க எழுதிக்கிட்டாங்க.

ஆல்விசே — அம்மா, இதை நான் கேட்டு வாங்க வரல. வரக்கூடாதுன்னு பதினெட்டு அக்டோபர் அந்தப் பத்திரிகையைப் பிரிக்காம வச்சிருந்தேன். இந்த வருஷம்... தூக்கத்தில விரல் பின்னால இழுத்துக்கிட்டே இருக்கு. எழுந்தா கட்டைவிரல் வலிக்குது. என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க.

டெல்ஃபினா — ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. குடிலுக்குள்ள எட்டிப் பார்த்தீங்களா?

ஆல்விசே — குடிலுக்குள்ளயா? எதுக்கு?

டெல்ஃபினா — பார்த்தீங்களா, இல்லையா?

ஆல்விசே — இல்ல. இதை உள்ளேயே வச்சுடலாம்னு கதவைத் தள்ளினேன். அசையல. மழையில மரம் ஊதிப்போயிருக்கும்.

டெல்ஃபினா — சுடறதுக்கு விட்ட ஓட்டை வழியா?

ஆல்விசே — அது வழியாவும் பார்க்கல. உள்ள கும்மிருட்டு. கூண்டுக் குருவிங்க மட்டும் கத்திக்கிட்டிருந்துச்சு.

டெல்ஃபினா — நிச்சயமா?

ஆல்விசே — செத்துப்போன எங்கப்பா மேல சத்தியமா.

டெல்ஃபினா — சரி. துப்பாக்கி உங்களோடது. காசு வேண்டாம். போலீசில குடுக்க வேண்டிய காகிதத்தில இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன்.

ஆல்விசே — என்ன சொல்றீங்க... என்னைப் பிடிச்சுக் குடுக்கத்தானே இத்தனை வருஷமா விளம்பரம் போட்டீங்க?

டெல்ஃபினா — பிடிச்சுக் குடுக்க இல்ல. அன்னைக்கு அங்க வந்தவர் என்ன பார்த்தார்னு தெரியாம எனக்கும் தூக்கம் வரல. இன்னைக்கு வரும்.

ஆல்விசே — எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. அவர் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டே கிடந்தார். "டெல்ஃபினா, டெல்ஃபினா"ன்னு. வீடு எவ்வளவு கீழே இருக்கு, இவர் குரல் எங்க போய்ச் சேரப் போகுதுன்னு நினைச்சேன். நான் வந்து சொல்லியிருந்தா நீங்களாவது...

டெல்ஃபினா — வீடு வரைக்கும் சேர வேண்டிய அவசியமே இல்ல தம்பி. நீங்க தள்ளின கதவுக்கு உள்பக்கம் முதுகைக் குடுத்து உக்காந்திருந்தது நான்தான். நீங்க போன பிறகும் இருட்டற வரைக்கும் கூப்பிட்டார். நான் திறக்கல.