சம்பந்தி எழுதின புத்தகம்

ஹலோ… ஆமா, ஷோல்பான்தான் பேசறேன். யாரு?… அட, மர்குலான் சம்பந்தியா! புது நம்பரா இருக்கே, அதான் தெரியல… நல்லா இருக்கேன். சம்பந்தியம்மா எப்படி இருக்காங்க? முழங்கால் வலி குறைஞ்சுதா?… சரி, சரி. என் பொண்ணு தோல்கின் எப்படி இருக்கா? ரெண்டு நாளா போனே பண்ணல… வேலையா? ம்.

சொல்லுங்க… ஆமா… ஆமா, கோடை லீவுக்கு முன்னாடி முதலாளிமாருங்க படிக்க வேண்டிய பத்துப் புத்தகம். எங்க பத்திரிகைக்கு அந்தப் பக்கத்தைத்தான் முடிச்சுக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் அச்சுக்குப் போயிடும்… வருஷா வருஷம் நான்தான் எழுதறேன், உங்களுக்குத் தெரியாததா… என்ன, இருக்கான்னா?…

ஓ.

இல்ல சம்பந்தி. உங்க புத்தகம் அதுல இல்ல… மறக்கல. மறக்கற மாதிரியா குடுத்தனுப்பினீங்க? கையெழுத்துப் போட்டு, தங்க நாடா கட்டி, கூடவே நம்ம ஊர் வழக்கப்படி ஒரு சுருள் குதிரைக் கறி… கறி நல்லா இருந்தது. ரொம்ப நல்லா இருந்தது… புத்தகமும் படிச்சேன். முழுசாத்தான். படிக்காம ஒதுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது.

தலைமை, நல்ல பேரு, தொழில்நுட்பம், மூணும் ஒரே புத்தகத்துல இருக்கு… இருக்கு, இருக்கு, இல்லேன்னு யார் சொன்னா? அட்டையிலேயே இருக்கே. நீங்க குதிரைமேல உக்காந்திருக்கிற போட்டோவுக்குக் கீழ, கொட்டை எழுத்துல… உள்ளயா? உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லவா? வேணாம் சம்பந்தி. நல்லபடியா போனை வெச்சிடலாம்…

சரி, கேட்டுக்கோங்க. தலைமைன்னு போட்டு, உங்க அறுபதாவது பிறந்தநாள் விருந்துல எந்த மந்திரி எந்த கலர் அங்கிய உங்க தோள்ல போத்தினார்னு எழுதியிருக்கீங்க. அத்தியாயம் முழுக்க அதான். உங்க லாரிய ஓட்டறவன் ஒருத்தன் பேராவது வருதான்னு தேடினேன். குதிரை பேரு இருக்கு. டிரைவர் பேரு இல்ல… இருங்க, நான் முடிக்கல. நல்ல பேரு எடுக்கறது எப்படின்னு ஒரு அத்தியாயம். பத்திரிகைக்காரங்களுக்கு வயிறு நெறையச் சாப்பாடு போட்டா அவங்க கை தானா நல்லத எழுதும்னு… எழுதியிருக்கீங்களே, உங்க புத்தகம்தானே? நான் உங்க கறிய மென்னுக்கிட்டே அந்தப் பக்கத்தப் படிச்சேன். தொண்டையிலேயே நின்னுபோச்சு.

…பட்டியல்ல இருக்கிற அந்த கொரியாக்காரர் புத்தகத்துல மட்டும் என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? தன் கம்பெனி எப்படி மூழ்கிச்சுன்னு எழுதியிருக்கார். ஆமாஞ்சாமிங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு, உண்மையச் சொன்னவன எந்த எடத்துல வெளிய அனுப்பினேன்னு தன் வாயாலயே சொல்லியிருக்கார் மனுஷன். அதப் படிச்சா ஒரு முதலாளி ஆபீசுக்குப் போய் யாரையாவது கூப்பிட்டு மன்னிப்புக் கேப்பான். அதனால சிபாரிசு பண்றேன். உங்க புத்தகத்தப் படிச்சா ஒரு குதிரை வாங்குவான். அவ்வளவுதான்…

கத்தாதீங்க… கத்தாதீங்கன்னேன். இது ஆபீசு.

எங்க பத்திரிகை ஆசிரியர்கிட்டயா? தாராளமாப் பேசுங்க… பேசியாச்சா? ஓ. அதான் மத்தியானத்துலேர்ந்து என் மேஜையச் சுத்திச் சுத்தி வர்றார். உங்க கம்பெனி விளம்பரத்த நிறுத்திடுவேன்னு சொன்னீங்களாக்கும்… நிறுத்துங்க. புத்தகக் கடையில அந்தப் பத்தையும் தனியா அடுக்கி வெக்கிறான் பாருங்க, ஏன் வெக்கிறான்? இவ யாருக்கும் சொந்தக்காரி இல்லைன்னு நம்பி வெக்கிறான். ஒரே ஒரு தடவை சம்பந்தி புத்தகத்தச் சேர்த்தேன்னா அடுத்த வருஷம் எவன் என்னைச் சீந்துவான்?…

என்ன வளர்ப்பு? யார் வளர்ப்பு?… என் பொண்ணு என்ன பண்ணினா?… எப்ப, புத்தக வெளியீட்டு விருந்துலயா?… உங்களுக்கா? டீய விளிம்பு வரைக்குமா ஊத்தினா? எல்லார் முன்னாடியுமா?…

இல்ல, சிரிக்கல… சரி, சிரிக்கறேன். சம்பந்தி, மதிக்கிறவங்களுக்கு டீய கொஞ்சமா ஊத்தி மறுபடி மறுபடி நீட்டணும்னு இந்த ஊர்ல பேசப் பழகாத புள்ளைக்குக்கூடத் தெரியும். கிண்ணம் நெறைய ஊத்தினா, குடிச்சிட்டு எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். அது அவளுக்குத் தெரியாமப் போச்சுன்னா நினைக்கிறீங்க?… கையும் தவறல, காலும் தவறல. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்க வீட்ல கால் கிண்ணம் கால் கிண்ணமா ஊத்தின கை அது. வேணும்னுதான் ஊத்தியிருக்கா.

ஏன்னு கேட்டீங்களா அவள?… கேக்கல. திட்டினீங்க, கேக்கல. நான் சொல்றேன், கேளுங்க. நாட்டு எல்லையில லாரிங்க வாரக்கணக்கா வரிசையில நிக்குமே, டிரைவருங்க சோறு தண்ணியில்லாம கெடப்பாங்களே. யார் லாரிக்கு எப்ப முறை வரும்னு போன்லயே பாத்துக்கற மாதிரி அந்த ஆப் வந்த பிறகுதானே உங்க கம்பெனி தலை நிமிர்ந்துச்சு? அதப் பண்ணினது யாரு?… இல்ல, யாருன்னு சொல்லுங்க… உங்க கம்பெனி சரி. பண்ணின கை யாரோடது? பனிக்காலத்துல எல்லைக்குப் போய், டிரைவருங்க பக்கத்துல லாரியில உக்காந்து, ஒவ்வொருத்தனையும் கேட்டுக் கேட்டுப் பண்ணினா தோல்கின். வெரல் வெடிச்சு வந்தா. நான்தான் ஆட்டுக்கொழுப்பு தடவினேன். உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கு? மலையடிவாரத்துல குதிரைய மேய விட்டிருந்தப்போ உங்களுக்கு அந்த யோசனை உதிச்சுச்சாம்!

…அவ பேரா? இருக்கு. கடைசிப் பக்கத்துல இருக்கு. "நான் எழுதும்போது தேநீர் ஆறாமல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கு நன்றி." படிச்சுட்டு அன்னிக்கு நான் அழுதேன் சம்பந்தி. வெக்கமில்லாம சொல்றேன், இதே மேஜையில உக்காந்து அழுதேன்.

…என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க… "உன் பொண்ணு என் வீட்ல இருக்கா, ஞாபகம் வெச்சுக்கோ." நல்லா காதுல விழுந்துச்சு. இவ்வளவு நேரம் சம்பந்தி சம்பந்தின்னேன் பாருங்க, என் நாக்க நானே கடிச்சுக்கணும். நீங்க இப்ப மெரட்டறீங்க மர்குலான். பேரச் சொல்லித்தான் கூப்பிடறேன். ஒரு புத்தகத்துக்காக, படிக்கக்கூட லாயக்கில்லாத ஒரு…

யாரு?… யாரு இருமினது?

ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? ஆரம்பத்துலேர்ந்தா?… யாரெல்லாம் இருக்கீங்க அங்க? மாப்பிள்ளை இருக்காரா?… தோல்கின்! தோல்கின், நீ அங்கயா இருக்கே?… எல்லாத்தையும் கேட்டியா?… பக்கத்துலயே உக்கார வெச்சுக்கிட்டா என்கிட்ட இந்தப் பேச்சுப் பேசினாரு?… அட மனுஷா.

இல்லம்மா, அழல. நீ அழறியா?… சரி. சரி. இங்க பாரு, அம்மா சொல்றதக் கேளு. நான் கோவத்துல என்னென்னவோ பேசிட்டேன். போன வெச்சிட்டா எனக்கு முடிஞ்சுபோச்சு, நீதான் அந்த வீட்ல காலையில எந்திரிக்கணும். பக்கம் இன்னும் போகல. கொரியாக்காரர எடுத்துட்டு உங்க மாமனார் புத்தகத்த வெச்சிடறேன். ரெண்டு வரி எழுதினா போதும். என் பேரு போனாப் போகட்டும், அத வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நீ சரின்னு சொல்லு, உடனே…

என்ன?

அவர் புத்தகத்த வெக்கக் கூடாதா?… நல்லா யோசிச்சு சொல்லுடி… தோல்கின், அவசரப்படாதே, மாப்பிள்ளை என்ன நினைப்பார்… அவரும் அதத்தான் சொல்றாரா? அவர்தானா பேசறது?… ஆமா மாப்ளே, கேக்குது. நல்லாக் கேக்குது… ஆமா… ஆமா, நீங்களும் எல்லைக்குப் போயிருந்தீங்க, உங்களுக்குத் தெரியும். இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க மாப்ளே?… சரி. இப்பவாவது வாயத் தொறந்தீங்களே.

தோல்கின், அந்த சத்தம் என்ன? உங்க மாமனார் எழுந்துட்டாரா?… உக்காரச் சொல்றியா? நீயா?… இரு, இரு, நான் பேசறேன் அவர்கிட்ட. போனக் குடு… ஏன்?… நான் போன வெக்கணுமா?… நீயே பேசிக்கறியா. உன் பேரு ஏன் புத்தகத்துல இல்லைன்னு நீயே கேக்கப் போறே… நான் லைன்ல இருக்கேனே, சும்மா இருக்கேன், வாயத் தொறக்க மாட்டேன்… அதுவும் வேணாமா?

…சரி. சரிம்மா. அவர் முகத்தப் பாத்துப் பேசு. தரையப் பாத்து இல்ல. முகத்தப் பாத்து.

வெச்சிட்டேன்.