விரல் நீளப் பழுது

— அப்ப அந்தக் காலேஜுல நூத்துக்கு எத்தினி பேருக்கு எடம் குடுப்பாங்க? சொல்லேன் காவ்யா.

— நூத்துக்கு இல்லப்பா, ஆயிரத்துக்கு. ஆயிரம் பேரு எழுதுனா நாலு பேரு.

— நாலே பேரா! காலைல ஆரணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மொத்தக் கூட்டத்துலயும் நாலு பேரைக் கை காட்டி, நீங்க மட்டும் ஏறுங்கன்ற மாதிரி.

— அப்டித்தான். அத்த விடுப்பா, வேற பேசு.

— எப்டி வுடறது? ரெண்டு நாள் ரயில் ஏறி வடக்க போயி இன்டர்வியூ குடுத்துட்டு வந்து ஒரு மாசம் ஆச்சி. எப்டிமா இருந்ததுன்னா 'ம்'ன்ற. கெடைக்குமான்னா அதுக்கும் 'ம்'. தறியில ஏத்துற பாவு நூலைத் தொட்டுப் பாத்தே பொடவை எப்டி வரும்னு சொல்லிடுவேன். பொண்ணு மூஞ்சியப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியல. சாவித்திரி, நீயாச்சும் கேளேன்.

— நான் கேட்டா மட்டும் கொட்டிடுவாளாக்கும், உங்க பொண்ணு? இந்தாங்க டீ. ஜல்தி குடிங்க.

— அப்டி வெய்யி. சுடுது.

— அம்மா, நீயும் உக்காரு. சொல்றேன். ஆனா நடுவுல பேசக்கூடாது, ரெண்டு பேரும்.

— உக்காந்துட்டேன். ஏங்க, நீங்கதான் பேசுவீங்க. வாய மூடிக்குங்க.

— ஃபார்ம்லயே ஒண்ணு கேட்டிருந்தாங்க. உன் வீட்டுப் பொருள் ஒண்ணைப் பத்தி ரெண்டு பக்கம் எழுது, இன்டர்வியூவுக்கு அதையே எடுத்துகினு வான்னு. நான் அந்தத் துண்டைப் பத்தி எழுதினேன்.

— பீரோவுல கவர் போட்டு வெச்சிருந்தியே, அரக்குல மாம்பழக் கரை, அதுவா?

— அதேதான்பா. முதலாளி கழிச்சி வுட்ட பொடவையில நான் வெட்டி வெச்ச ஒரு முழம்.

— நல்ல துணிதானேமா? சாயம் இன்னைக்கும் அப்டியே நிக்குது.

— நல்ல துணின்னு எழுதலப்பா. அதுல இருந்த பழுதைப் பத்தி எழுதினேன்.

— இன்னாது?

— கரையும் ஒடம்பும் சேர்ற எடத்துல வெரல் நீளத்துக்கு இழை எகிறியிருந்துச்சே, அது. ரெண்டு வருஷம் முன்ன ஆடி மாசம். நீ இந்தப் பக்கம் நெய்யிற, நான் அந்தப் பக்கம் உக்காந்து கரை இழை ஓட்டுற நாடாவ வாங்கி வாங்கிப் போட்டுகினு இருக்கேன். அன்னிக்குத்தான் மொத மொதல்ல உன் கை நடுங்குச்சி. நீ யாருகிட்டயும் மூச்சு வுடல. டாக்டர் கண்டுபுடிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அந்தத் துணி என்கிட்ட சொல்லிடுச்சின்னு எழுதினேன். அப்பா?

— ம்.

— கோவமா?

— இல்லமா. இங்கிலீஷ்லயா எழுதின?

— ஆமா. ஸ்வர்ணலதா மிஸ் திருத்திக் குடுத்தாங்க.

— அதான் எங்களுக்குத் தெரியாம பூட்ச்சி. நீ மேல சொல்லு.

— அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. நான் எழுதுனதை ஒரு சார் படிச்சாரு. துணியை மேஜை மேல விரிச்சாங்க. எங்கமா அந்தப் பழுதுன்னாரு. நான் கரையைப் புடிச்சிகினு வெரலை ஓட்டுறேன், ஓட்டுறேன், பழுதே இல்ல.

— ஐயோ சாமி!

— அம்மா, நடுவுல பேசாதன்னு சொன்னேன்ல? எனக்கு வேர்த்துப் பூட்ச்சி. துணியத் திருப்பிப் போடறேன், தலைகீழாப் போடறேன், ஒண்ணும் இல்ல. பொய் எழுதிட்டு வந்துட்டான்னு நெனச்சிருப்பாங்க. அப்ப ஒரு மேடம் எழுந்து வந்து பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்தாங்க. அவங்களே தறியில வேலை செஞ்சவங்களாம். பத்து நிமிஷம் பாத்துட்டு, பின்பக்கம் ஒரே ஒரு எடத்துல வெரலால தடவி, இங்க யாரோ கை வெச்சிருக்காங்கன்னாங்க. யாருன்னாங்க. தெரியலன்னேன். உங்கப்பா கை நடுங்குதுன்னு எழுதியிருக்கியே, அப்ப அவரு இல்லையான்னாங்க. அதுக்கும் தெரியலன்னேன். அழுகை வந்துடுச்சிப்பா. அதோட அனுப்பிட்டாங்க.

— போச்சி. எல்லாம் போச்சி. தெரிஞ்சி ஒரு பழுதுத் துணிய நம்ம வாசப்படி தாண்ட வுட்டதே இல்லமா. எங்கப்பா காலத்துலேர்ந்தே அப்டி. அதுவும் பெரியவங்க முன்னால விரிக்கப் போற துணி. நீ அந்தப் பழுதைக் காட்டத்தான் எடுத்துகினு போறன்னு கனவா கண்டோம்? ஆயிரத்துல நாலு எடம். அதையும் நாங்களே கெடுத்துட்டமே!

— யாருப்பா சரி பண்ணது?

— நீ அந்தக் காலேஜுக்கு ஒரு போன் போடு. நான் பேசறேன். எங்க பொண்ணு பொய் சொல்லலங்க, தப்பு எங்க மேலன்னு சொல்றேன். அவங்க பாஷையில நீ எடுத்துச் சொல்லு.

— போன் வேணாம்பா.

— வேணும்! என் பேர்ல இருக்கிற தப்புக்கு நீ ஏன் பேஜார் படணும்? போடுமா!

— எடம் கெடச்சிடுச்சிப்பா.

— இன்னாது?

— திங்கக்கிழமையே மெயில் வந்துடுச்சி. ஃபுல் ஸ்காலர்ஷிப்.

— அடிப் பாவி! திங்கக்கிழமை வந்ததை வெள்ளிக்கிழமை சொல்றியேடி! ஏங்க, கேட்டீங்களா? நம்ம காவ்யாவுக்குக் கெடச்சிடுச்சாம்! பாருங்க, கண்ணுல தண்ணி ஓடுது, தொடைங்க.

— தொடைக்கிறேன், தொடைக்கிறேன். நீ மொதல்ல உன் கண்ணைத் தொடை சாவித்திரி. ஏம்மா, இத்த ஏன் மறைச்ச?

— இன்னிக்கி சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கறேன்னு போட்டு அனுப்பணும். அனுப்பலன்னா அடுத்த ஆளுக்குப் பூடும். நான் அனுப்பறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல.

— மணி நாலே கால் ஆவுது! முடிவு பண்றதுக்கு இன்னா இருக்கு?

— நீ பதில் சொல்லு, நான் முடிவு பண்றேன். அந்தப் பழுதை யாரு எடுத்தது? முள்ளிப்பட்டு நெசவுக்காரங்க யாருகிட்டயாச்சும் குடுத்து எடுத்தியா?

— அது இன்னாத்துக்கு இப்ப?

— அதுதான்பா எனக்கு எல்லாமே. பூதக்கண்ணாடிக்கே பத்து நிமிஷம் புடிச்சிது. அப்டி ஒரு வேலையை நடுங்குற கை செய்யாது. நீ செஞ்சிருந்தா உன் கை தேறிடுச்சின்னு அர்த்தம், நான் போறேன். வேற யாராச்சும் செஞ்சிருந்தா உன்னை இப்டியே வுட்டுட்டு நான் எங்கயும் போகல. திருவண்ணாமலைல ஒரு பி.ஏ. சேந்துகினு காலைல சாயந்திரம் உன் தறிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்.

— பைத்தியமா உனக்கு?

— நீ இழை நெருங்கத் தறிப் பலகையை இழுத்து அடிக்கிறப்ப எல்லாம் நான் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கையால சேத்துப் புடிப்பேன்பா. அடி சீரா வுழட்டும்னு. ஒன்றரை வருஷம் அப்டிதான் பண்ணேன். உனக்குத் தெரியாது.

— தெரியும்.

— தெரியுமா?

— நாப்பது வருஷமா அடிக்கறேன் காவ்யா. பலகை கையில கனமா வருதா லேசா வருதான்னு தெரியாதா? தெரிஞ்சிகினுதான் கம்முனு இருந்தேன். பொண்ணுக்கு எதிர்ல வெக்கமா இருந்துச்சி.

— அப்பா...

— பரீட்சைன்னு தையிலேர்ந்து நீ தறிகிட்டயே வரல. வேலூர்ல மிஸ் வீட்டுலயே தங்கிப் படிச்ச, இன்டர்வியூ முடிச்சும் அங்கயே இருந்துட்டு நேத்துதான் வீட்டுக்கு வந்த. அந்தப் பக்கம் உங்கம்மாதான் உக்காந்தா. டாக்டர் மாத்திரையும் மாத்திக் குடுத்தாரு. கை தேறிடுச்சிமா. அந்தப் பழுதை எடுத்தது நான்தான்.

— நெசமா?

— துணி விஷயத்துல நான் பொய் சொல்லி என்னிக்காச்சும் பாத்திருக்கியா?

— இல்ல. ஆனா எப்டிப்பா எடுத்த?

— ஜன்னலோரமா உக்காந்து மூணு நாளு. காலைல வெயில் அடிக்கிற நேரம் மட்டும். எகிறுன இழையை ஊசி மொனையால ஒண்ணொண்ணா உருவிட்டு, அதே சாயத்துல மிச்சம் இருந்த பட்டை உள்ள வுட்டு வுட்டு, பழைய இழை எந்தப் பக்கம் போச்சோ அதே பக்கம் ஓட்டி, நகத்தால தேய்ச்சி வுடணும். அவசரப்பட்டா துணி சுருங்கிடும். உங்கம்மா ஊசி கோத்துக் குடுத்தா. இல்ல சாவித்திரி?

— ஆமா. கோத்துக் குடுத்தேன்.

— அப்ப கையை நீட்டு பாக்கலாம். ரெண்டு கையும்.

— இன்னாடி இது, அப்பனுக்கே பரீட்சை வெக்கிற? மணி ஓடுது பாரு. ஏங்க, நூல் சுத்துற பரிவட்டத்துல குச்சி ஒடஞ்சி கெடக்குது. இந்தப் பட்டு நூல் கண்டியக் கையில மாட்டிகினு விரிச்சிப் புடிங்க, நான் சுத்திக்கறேன். நாடாவுல போட தார் நூல் இல்லாம தறி நிக்குது. ம், நல்லா விரிங்க. இன்னும் கொஞ்சம். அப்டித்தான். இப்ப நல்லா பாத்துக்கடி, உங்கப்பா கைய.

— நடுங்கல.

— ம்.

— நெசமாவே நடுங்கலப்பா! போன மார்கழியில வேட்டி நுனியக்கூட புடிக்க முடியல உனக்கு.

— அது போன மார்கழி. போ கண்ணு. போயி ஒத்துக்கறேன்னு போடு.

— வீட்டுல சிக்னல் சுத்திகினே இருக்குது. குணசுந்தரி அக்கா கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடிட்டு வந்துடறேன். அம்மா, சைக்கிள் சாவி எங்க?

— ஆணியில தொங்குது. பாத்துப் போ. போட்டு முடிச்சிட்டு வரப்ப அரை கிலோ ஜாங்கிரி வாங்கினு வா.

— அப்பா, அந்த மேடம்கிட்ட போயி மொத வேலையா சொல்லுவேன். அது எங்கப்பா கைதான்னு.

— சொல்லுமா. சந்தோசமா சொல்லு.

— வரேன்!

— போயிட்டாளா சாவித்திரி?

— தெரு முனை திரும்பிட்டா.

— கண்டிய எறக்கு. தோள்பட்டை விட்டுப் போவுது. நீ இந்தப் பக்கம் இழுத்துப் புடிச்சிகினதுனாலதான் கை ஆடாம நின்னுது.

— தெரியும். அதுக்குத்தான மாட்டுனேன். பரிவட்டம் ஒண்ணும் ஒடையல.

— துணி விஷயத்துல நான் சொன்ன மொதப் பொய்யி. உனக்கு வருத்தமா? மூணு நாளு கண்ணு எரிய எரிய இழை ஓட்டுனது நீ. பேரை நான் எடுத்துகினேன்.

— நான்தான் ஓட்டுனேன்னு சொல்லியிருந்தா அவ சைக்கிளை எடுத்திருப்பாளா? பேரு கெடக்குது, வுடுங்க. டீ ஆறிப் பூட்ச்சி. தம்ளர நான் புடிச்சிக்கறேன், நீங்க குடிங்க.